கிருபையும் கூலியும்

புகலிடத் தமிழரிடையே கடந்த நாற்பது ஆண்டுகளில் செழித்து வளர்ந்த இலக்கிய வடிவம் எது என்று கேட்டால், கவிதை என்பார்கள் கவிஞர்கள். சிறுகதை என்பார்கள் சஞ்சிகைக்காரர்கள். நான் 'சாட்சி' என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை மண்டபங்களில் ஒலிவாங்கியின் முன் சொல்லப்படுவதும், பின்னர் சிறு பிரசுரமாகித் தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசமாக அடுக்கி வைக்கப்படுவதுமான சாட்சி. எமது விமர்சகர்கள் இதனைப் பொருட்படுத்துவதில்லை. 'அல்லேலூயாக்காரர்' என்ற ஒற்றைச் சொல்லோடு அவர்களுக்கு விடயம் முடிந்துவிடுகிறது. ஆனால் எமது கவிதைத் தொகுதிகளை வாசிப்போரைவிட இப்பிரசுரங்களை வாசிப்போர் அதிகம். அந்த ஒரு காரணத்திற்காகவேனும் இவற்றை ஒரு பிரதியாக எடுத்துப் படிக்க வேண்டும்.

சாட்சிக்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. முதலில் ஊர், குடும்பம், பழைய வாழ்க்கை. அடுத்து நெருக்கடி: ஏஜென்சிக்குக் கொடுத்த காசு, எல்லைக் காடு, முகாம், நிராகரிப்புக் கடிதம். இறுதியில் உபவாசமும் ஜெபமும், அதன்பின் வந்து சேரும் வதிவிட அனுமதி. இதில் நான் கவனித்த ஒன்று மொழி பற்றியது. முதலிரு பகுதிகளும் நல்ல யாழ்ப்பாணத் தமிழில் நடக்கின்றன. காட்டுக்குள் நனைந்த சப்பாத்தைப் பற்றியும் முகாமில் அவித்த முட்டையைப் பற்றியும் சொல்லும் வசனங்களில் எமது சிறுகதைகள் பலவற்றில் இல்லாத உயிர் இருக்கிறது. கிருபை வந்ததும் அந்த மொழி நின்றுவிடுகிறது. 'தேவரீர்', 'அடியேன்', 'பாத்திரனல்லாத என்னை' என்று வேதாகம மொழிபெயர்ப்பின் தமிழ் வந்து குந்திக்கொள்கிறது. தன் வாழ்வின் மிக முக்கியமான கணத்தைச் சொல்ல அவருக்குத் தன் சொந்தப் பேச்சு போதாமற் போகிறது. ஏன்?

நன்றியுணர்வை நான் பரிகசிக்கவில்லை. அது மெய்யானது. டீட்ரிஷ் போன்ஹோபர் 1937இல் 'மலிவான கிருபை' என்று சாடினார். எட்டு ஆண்டுகளின் பின் நாஜிகளின் தூக்குமேடையில் அவர் அதற்கான விலையையும் கொடுத்தார். எம்மவரின் சாட்சிகளைக் கண்டிக்க விரும்பும் படித்த கிறிஸ்தவர்கள் அச்சொல்லை இரவல் வாங்குவதுண்டு. அது பொருந்தாது. போன்ஹோபர் ஏசியது ஞாயிறு தோறும் மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சிக்குத் தலையாட்டிய வசதியான திருச்சபையை. கடலையும் காட்டையும் கடந்து வந்தவரின் கிருபை மலிவானதென்று சொல்ல எனக்கு நா எழாது. என் முறைப்பாடு அது மிகச் சிறியதாகிவிட்டது என்பதே. ஒரு கந்தோரின் தபாலுறைக்குள் அடங்கும் அளவுக்கு.

இதற்கு ஒரு வம்சாவளி உண்டு. ஜோன் பனியன் தகரம் ஒட்டும் தொழிலாளி. அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660இல் பெட்போர்ட் சிறையில் அடைக்கப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். கொடுக்கவில்லை, பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். 1678இல் வெளிவந்த அவரது 'மோட்சப் பயண'க் கதையில் யாத்திரிகன் சிலுவையின் முன் வந்து நிற்கும்போது அவன் முதுகுச் சுமை தானாகக் கழன்று உருண்டுபோய்க் கல்லறைக்குள் விழுகிறது. அவன் மனுக் கொடுக்கவில்லை. எவரும் அவனை விசாரிக்கவில்லை. ஓர் ஏழைத் தொழிலாளி சாதாரண மக்களின் பேச்சுநடையில் எழுதிய இடம் அது.

இக்கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். 1894இல் அச்சேறியது. 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள். திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளக் குடும்பத்திற் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். கம்பனில் ஊறியவர், 'கிறிஸ்தவக் கம்பன்' என்ற பட்டம் வெறும் முகத்துதி அல்ல. பனியனில் இல்லாத அளவுக்குக் கிறிஸ்துவின் பாடுகளை விரித்துப் பாடிய பகுதிகளில் ஆழ்வார்களின் சரணாகதி உணர்வு சிலுவையின் அடியில் வந்து நிற்பதை எந்த மதத்து வாசகரும் உணரலாம். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் உச்சங்களில் அதுவும் ஒன்று. வைணவர் தம்முள் குரங்குக்குட்டி நியாயம், பூனைக்குட்டி நியாயம் என்று வாதிட்ட பிரச்சினை, அதாவது தாயைக் குட்டி பற்றிக்கொள்வதா, தாயே குட்டியைக் கௌவிச் செல்வதா என்பது, அவருக்கு ஏட்டுப் பிரச்சினையல்ல. எனினும் காவிய மரபு தன் கூலியை எடுத்துக்கொண்டது. பனியனிலும் அரசன் உண்டு. ஆனால் காவியத் தமிழுக்குள் வந்ததும் அரசனோடு அரசவையும் முடியும் அடியார் கூட்டமும் சேர்ந்து வந்துவிடுகின்றன. சிறைக் கைதி கண்ட கிருபை, மன்னன் குடிக்குச் சொரியும் கிருபையாகிறது. புலவர் சபைக்கு ஏற்ற உடை. தகரம் ஒட்டுபவனுக்குச் சற்றுப் பெரிது.

சொல்லையே பாருங்கள். கத்தோலிக்கர் ஒருகாலத்தில் 'இஷ்டப்பிரசாதம்' என்றனர், 'பிரியதத்தம்' என்றனர். 1995இன் பொது மொழிபெயர்ப்பு 'அருள்' என்கிறது. புரட்டஸ்தாந்தரின் பழைய வேதாகமம் 'கிருபை' என்ற சொல்லிலேயே நின்றது. அந்தச் சொல் கோயிலில் மட்டும் புழங்கியதல்ல. எங்கள் ஊர்களில் பெட்டிசம் எழுதுவோர் துரைமாருக்கும் உதவி அரசாங்க அதிபருக்கும் 'கிருபை கூர்ந்து' என்றுதான் எழுதினர். கிருபை என்றால் மேலேயுள்ளவர் மனம் இளகுவது. இளகாவிட்டால் கேட்க உமக்கு உரிமையில்லை. இந்த வாடை ஏறிய சொல்லையே அந்தப் பழைய மொழிபெயர்ப்பு கிரேக்க 'காரிஸ்' என்பதற்கும் வைத்தது, எபிரேய 'ஹெசெட்' என்பதற்கும் பெரும்பாலும் வைத்தது. ஹெசெட் வேறொரு சாதிச் சொல். உடன்படிக்கை செய்தவர் அதைக் கைவிடாமல் நிற்கும் விசுவாசம் அது. சங்கீதக்காரன் கடவுளிடம் சண்டை பிடிக்க முடிவதே அதனால்தான்: நீ சொன்னாய், இப்போது எங்கே என்று. எங்கள் சாட்சிகளில் அந்தச் சண்டை இல்லை. 'பாத்திரனல்லாத அடியேன்' சண்டை பிடிக்க மாட்டான்.

இனி நாம் வாழும் நாட்டுக்கு வருவோம். 1949இல் ஜேர்மன் அடிப்படைச் சட்டம் நான்கே சொற்களில், அரசியற் காரணத்தால் துன்புறுத்தப்படுவோருக்குப் புகலிடத்தை உரிமையாக்கியது. கருணையாக அல்ல. நாஜிகளிடமிருந்து தப்பிப் பிற நாட்டுக் கதவுகளைத் தட்டியவர்களின் நினைவு அப்போது ஆறியிருக்கவில்லை. 1993 மே 26இல் பாராளுமன்றம் அந்நான்கு சொற்களுக்குப் பின்னால் நீண்ட நிபந்தனைகளைக் கட்டிவிட்டது. பாதுகாப்பான மூன்றாம் நாடொன்றின் ஊடாக வந்தவர் அவ்வுரிமையைக் கோர முடியாது என்றாயிற்று. ஜேர்மனியைச் சுற்றியுள்ள நாடுகள் எல்லாமே அத்தகையவை! எம்மவர் பலருக்குக் கிடைத்த 'டுல்டுங்' என்ற தாளின் பொருள் 'சகித்துக்கொள்ளல்'. நாடுகடத்தல் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது, அவ்வளவுதான். இம்மொழியில் 'க்னாடன்புரோட்' என்றொரு சொல் உண்டு. வேலை செய்ய முடியாத கிழட்டுக் குதிரைக்குக் கருணையால் போடும் தீனி. 'க்னாட' என்பதுதான் லூதரின் வேதாகமத்தில் கிருபைக்கான சொல்லும்.

உரிமை கருணையாகக் குறுக்கப்பட்ட ஒரு காலத்தில், கிடைத்ததைக் கடவுளின் கருணை என்று சாட்சி சொல்லும்போது, கந்தோருக்கு ஒரு பரலோக முத்திரை கிடைத்துவிடுகிறது. அனுமதி பெற்றவரிடம் கிருபை வந்தது. அப்படியானால் பின்வரிசையில், மூன்றாவது நிராகரிப்போடு இருப்பவரிடம் எது வந்தது? விசுவாசக் குறைவு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வடிவமே சொல்லிவிடுகிறது. நிராகரிக்கப்பட்டவருக்குச் சாட்சி வடிவத்தில் மூன்றாம் பகுதி இல்லை. ஆகவே அவர் ஒலிவாங்கிக்கு வருவதில்லை.

மத்தேயுவின் இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக் கூலிகளின் உவமையை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். விடியற்காலை வந்தவருக்கு நாட்கூலி ஒரு தெனாரியம் என்று பேச்சு. பின்னர் வெவ்வேறு நேரங்களில் ஆட்களைச் சேர்க்கிறான் தோட்டக்காரன். கடைசி ஆட்கள் பொழுதுசாய ஒரு மணித்தியாலம் இருக்கும்போது வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே கூலி. பிரசங்கிகள் இதனை ஆத்துமாக்கள் பற்றியதாக, மரணப் படுக்கையில் மனந்திரும்புவோர் பற்றியதாக விளக்குவர். ஏஜென்சி ஆட்களும் நிரந்தர ஆட்களும் ஒரே பட்டியின் இரு பக்கமும் நின்று வெவ்வேறு சம்பளம் வாங்கும் தொழிற்சாலையில் வேலை செய்பவனுக்கு அது முதலில் கூலியைப் பற்றிய கதையாகவே கேட்கும். ஒருநாள் இடைவேளையில் இதனை என் பக்கத்தில் நிற்கும் துருக்கியத் தொழிலாளிக்குச் சொன்னேன். அவர் கேட்டது: "அடுத்த நாள் விடிய யார் வேலைக்கு வந்தது?" இறையியல் நூல்களில் நான் காணாத நல்ல கேள்வி.

அதற்கு விடை கதையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கடைசி ஆட்கள் சோம்பேறிகள் அல்லர். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். வேலை கிடைக்காதவனுக்கும் அன்றிரவு வீட்டில் அடுப்பு எரிய ஒரு முழுத் தெனாரியம் வேண்டும். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதாது. அதைவிட முக்கியம், இடையில் சேர்ந்தவர்களிடம் தோட்டக்காரன் கொடுத்த வாக்கு. கருணையாக ஏதும் தருவேன் என்று அவன் சொல்லவில்லை. நியாயமானதைத் தருவேன் என்கிறான். பவுல் உரோமருக்கு எழுதும்போது வேலை செய்தவனின் கூலி கடன், கிருபையல்ல என்று இரண்டையும் பிரிக்கிறார். லூதர் முதல் இன்றுவரை அந்தப் பிரிப்பின் மேல் எவ்வளவோ மையும் இரத்தமும் சிந்தியாயிற்று. கத்தோலிக்கரும் லூதரன்களும் ஒரு பொது உடன்பாட்டில் ஒப்பமிட 1999 ஒக்டோபர் 31 வரை பிடித்தது. பவுல் பிரித்ததை இந்த உவமை ஒரே காசில் சேர்த்துக் கையில் வைக்கிறது. அங்கே கிருபை கூலியாகவே கொடுக்கப்படுகிறது. வாங்குபவன் குனியத் தேவையில்லை.

சாட்சியின் மற்றைய பலவீனம் தப்பியதற்குக் காரணம் சொல்வது. லூக்காவில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தி வருகிறது. பிலாத்து கொன்ற கலிலேயர் பற்றிய செய்தியும் வருகிறது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசு தாமே கேட்டு, இல்லை என்று மறுக்கிறார். 1995 யூலை 9 அன்று நவாலியில் புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது குண்டு வீசப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களும் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 'என்னைத் தப்புவித்தார்' என்ற வசனத்தை அந்த ஆலயத்தின் முற்றத்தில் நின்று சொல்ல முடியுமா என்று பார்த்தால், அந்த வசனத்தின் நிறை தெரியும்.

வேறு விதமான சாட்சி சாத்தியமே. 1983இல் பேர்லினில் கெமால் அல்துன் என்ற துருக்கிய அகதி, தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற நிலையில், நீதிமன்ற ஜன்னலால் குதித்து இறந்தார். அதே ஆண்டு அந்நகரின் திருச்சிலுவைத் திருச்சபை லெபனானிலிருந்து வந்த பலஸ்தீனக் குடும்பங்களைத் தன் கூரையின் கீழ் வைத்துக்கொண்டது. இன்றுவரை தொடரும் 'திருச்சபைப் புகலிடம்' அவ்வாறு தொடங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மவர் சபையொன்றில் ஒரு பெண் ஒலிவாங்கிக்கு வந்தார். நாலைந்து வசனந்தான் பேசினார். முழுவதும் ஊர்ப் பேச்சு. தம்பிக்குத் திரும்பவும் மறுத்துவிட்டார்கள், திகதியும் போட்டாயிற்று, இந்த மண்டபத்துக்காரரான ஜேர்மன் திருச்சபையிடம் அவனை உள்ளே வைத்திருக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன், எனக்கு டொச் காணாது, ஆர் என்னோடை வாறியள்? போதகர் அல்லேலூயா சொல்வதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். பின்வரிசையிலிருந்து நான்கு பேர் எழுந்தார்கள்.