பாலாற்றின் இரண்டு ஊர்கள்

நந்தி மலையில் பிறக்கும் பாலாறு பழைய மைசூர் சீமையின் கோலார் வழியாகக் கீழிறங்குகிறது. அங்குள்ள தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரி இந்த ஆற்றில்தான் இருக்கிறது. ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கல்பாக்கம். அங்குள்ள அணுமின் நிலையத்துக்கு நன்னீர் தருவதும் பாலாற்று மணல்தான். தங்கவயலும் கல்பாக்கமும் தலா ஒரு தொழிலை மட்டும் நம்பி வளர்ந்த ஊர்கள்.

தங்கவயலில் சுமார் 120 ஆண்டுகள் தங்கம் தோண்டினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டர் ஆழத்தைத் தாண்டியது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். வட ஆர்க்காட்டிலிருந்து போய் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இருட்டு விலகும் முன்பே மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் சயனைடு கழிவு மேடுகள் அப்படியே நிற்கின்றன. மூடிய பிறகு யோசிப்பது என்ற நம் வழக்கத்துக்கு இந்த ஊர் கொடுத்த விலை இது.

வேறு வழி இருக்கிறதா? ஸ்காட்லாந்தின் வட கோடியில் உள்ள டவுன்ரேயைப் பார்க்கலாம். கல்பாக்கத்தில் எழுந்துள்ளதைப் போன்ற வேக ஈனுலை அங்கே 1994இல் நிறுத்தப்பட்டது. உலைகளைக் கழற்றும் வேலையே பல்லாண்டுகளுக்கு ஊருக்குச் சோறு போடுகிறது. பிரிட்டனின் 2004ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டப்படி அமைந்த அணுஉலை அகற்றல் ஆணையம், சுற்றியுள்ள மக்களின் பிழைப்பையும் கணக்கில் கொண்டாக வேண்டும். மூடுபவர்மேல் சட்டம் சுமத்திய இந்தக் கடமையைத்தான் இம்முறையின் பெரும்பலமாகக் கருதுகிறேன்.

குறையும் அங்கேயே இருக்கிறது. அகற்றும் வேலையின் சம்பளத்துக்கு ஈடு கொடுக்க உள்ளூர்ச் சிறு தொழில்களால் முடிவதில்லை. திறமையுள்ள இளைஞர்கள் பழைய முதலாளியிடமே போகிறார்கள். மாற்றாகப் பெரிதும் நம்பப்பட்ட சதர்லாந்து ராக்கெட் ஏவுதளத்தின் கட்டுமானம் 2024 டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. பிழைப்பு ஒற்றைக் கம்பத்தில் நிற்பது மாறவில்லை. கம்பம் சாய்வது தள்ளிப்போயிருக்கிறது. ஆனாலும் தங்கவயலுக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லையே!

கல்பாக்கத்துக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. 1984இல் வணிக முறையில் மின் உற்பத்தி தொடங்கிய முதல் அலகு 2018 தொடக்கத்தில் நின்று, பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது. மற்ற உலைகள் இருப்பதால் ஊர் அதை உணரவில்லை. நம் அணுமின் கட்டணத்தில் யூனிட்டுக்கு 2 காசு, உலையை அகற்றுவதற்கென்று ஒதுக்கப்படுகிறது. அந்தக் காசு கான்கிரீட்டுக்கும் குழாய்களுக்கும்தான். சதுரங்கப்பட்டினத்து மீனவருக்கும் புதுப்பட்டினத்துக் கடைக்காரருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதில் பங்கில்லை. உலைகள் ஓடிச் சம்பாதிக்கும்போதே இன்னொரு காசு சேர்த்து, அணுசக்தித் துறை தொடாத தொழில்களுக்கென்று உள்ளூர் ஊராட்சிகளின் கையில் கொடுக்க வேண்டும்.