இழவும் இளிவும்: தண்டுவடம் காயமுற்றோர் பற்றிய மூன்று படைப்புகள்

அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. பிறரால் எளியராக நடத்தப்படுவது இளிவு; உற்றாரையோ இன்பந் தருவனவற்றையோ இழப்பது இழவு; பண்டைய நிலை கெட்டு வேறொரு நிலைக்குத் தாழ்ந்து வருந்துவது அசைவு. வறுமைக்கு உரையாசிரியர் நுண்பொருள் கூறுவதுண்டு. நமக்கு இங்கு அதன் எளிய பொருளே போதும். மாணவர்கள் இந்நான்கையும் தேர்வுக்காக மனனம் செய்து, பின்னர் மறந்துவிடுகின்றனர். இற்றை நாள் படைப்புகளை அளந்து காணவும் இவை பயன்படும். தண்டுவடம் காயமுற்றோரைத் தலைமை மாந்தராகக் கொண்ட மூன்று படைப்புகளை எடுத்துக்கொண்டு அதனை ஆராய்வோம்.

தண்டுவடம் அறுபட்டால் காயத்திற்குக் கீழே அசைவும் உணர்வும் ஒருங்கே போகும். சிறுநீர், மலம் ஆகியவற்றை அடக்கும் ஆற்றலும் போகும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இவ்வாறு காயமுற்றோரில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் விரைவில் மாண்டனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் பொறுப்பேற்று, நோயாளரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் எளிய முறையைக் கண்டிப்புடன் கடைப்பிடித்தார். 1948 சூலை 29ஆம் நாள் அதே மருத்துவமனையில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். பிற்கால மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கின் விதை அதுவே. ஆகவே, காயத்திற்குப் பிந்திய நெடுவாழ்வு என்பது இலக்கியத்திற்குப் புதிய பொருள் எனலாம். முன்பு கதை சாவில் முடிந்ததென்றால் வாழ்வும் அங்ஙனமே முடிந்தது. இன்றைய படைப்பாளிக்கு அந்தச் சாக்கு இல்லை.

2016ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றிய இரு திரைப்படங்கள் வெளிவந்தன. ஒன்று, ஜோஜோ மோயஸ் 2012இல் எழுதிய 'மீ பிஃபோர் யூ' என்னும் புதினத்தின் திரைவடிவம். மற்றொன்று, 2011இல் வெளிவந்த பிரெஞ்சுப் படமொன்றைத் தழுவிய 'தோழா'. முன்னதில் வில் டிரேனர் என்னும் இளைஞன் மோட்டார் சைக்கிள் மோதிக் கைகால் செயலிழக்கிறான். காதல் கிட்டிய பின்னும் சுவிட்சர்லாந்து சென்று தன் உயிரை முடித்துக்கொள்கிறான். பின்னதில் நாகார்ஜுனா ஏற்ற செல்வர் பாத்திரம் கார்த்தி ஏற்ற பணியாளனின் நட்பால் மீண்டும் சிரிக்கக் கற்றுக்கொள்கிறது. ஒன்று சாவில் முடிகிறது, மற்றொன்று மகிழ்வில் முடிகிறது. எனினும் அடித்தளம் ஒன்றே. இருவரும் பெருஞ்செல்வர்கள், இருவரையும் பராமரிக்க வருவோர் ஏழைகள். வில்லின் குடும்பத்திற்குச் சொந்தமாக ஒரு கோட்டையே இருக்கிறது!

இத்தேர்வு தற்செயலானதன்று. நோயாளி செல்வரானால் சாய்தளம், தனியறை, பணியாளர் யாவும் பணத்தால் வந்துவிடும். அரசு, அண்டை வீட்டார், தொழிலிடம், பேருந்து ஆகியவை கதைக்கு வெளியே நின்றுவிடும். எஞ்சுவன இழவும் அசைவுமே. வறுமை முற்றாக நீக்கப்பட்டுவிட்டது. இளிவைத் 'தோழா' ஓரளவு தொடுகிறது என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். தன்மீது இரக்கம் காட்டாதவன் என்பதாலேயே அச்செல்வர் அவ்விளைஞனைத் தேர்ந்தெடுக்கிறார். அப்படத்தின் மிகக் கூர்மையான கருத்து அதுவே. ஆயினும் அவ்விளிவு ஒரு மாளிகையின் சுவர்களுக்குள் நிகழ்ந்து, அங்கேயே தீர்ந்தும் விடுகிறது.

வில்லின் சாவை எதிர்த்து, இலண்டனில் அப்படத்தின் முதற்காட்சியன்று மாற்றுத்திறனாளர்கள் முழக்கமிட்டனர். அவர்கள் மிகைப்படுத்தினர் என்று கருதுவோர்க்கு 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றை நினைவூட்டலாம். தமக்கு இத்தகைய காயம் நேர்ந்தால் உயிரோடிருப்பதில் மகிழ்வோம் என்று கூறிய அவசரப் பிரிவு மருத்துவப் பணியாளர் நூற்றுக்கு 18 பேரே. உண்மையில் அக்காயத்தோடு வாழ்வோரில் அவ்வாறு கூறியவர் நூற்றுக்கு 92 பேர். நாள்தோறும் இவர்களைக் காணும் மருத்துவப் பணியாளரின் கற்பனையே இத்துணைப் பிழைபடுமாயின், எழுத்தாளரின் கற்பனையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? வில் டிரேனர் அந்த 18இன் பக்கம் நின்று படைக்கப்பட்ட மாந்தன்.

மூன்றாவது படைப்பு ரான் கோவிக் 1976இல் எழுதிய 'பார்ன் ஆன் தி ஃபோர்த் ஆஃப் ஜூலை' என்னும் தன்வரலாறு. வியட்நாம் போரில் 1968 சனவரி 20ஆம் நாள் குண்டடிபட்டு மார்புக்குக் கீழே செயலிழந்தவர் அவர். ஆலிவர் ஸ்டோன் இயக்கிய 1989ஆம் ஆண்டுத் திரைப்படத்தைக் கண்டோர் பலர். நூலைப் படித்தோர் குறைவு. கோவிக் செல்வரல்லர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் படைவீரர்க்கான அரசு மருத்துவமனையில் எலிகளுக்கும் அழுக்குக்கும் இடையே கிடக்கிறார். சிறுநீர்க் குழாயும் மலம் எடுக்கும் அறையும் ஆண்மையிழப்பும் நாணமின்றி எழுதப்பட்டுள்ளன. சொந்த ஊரின் நினைவுநாள் ஊர்வலத்தில் அவர் காட்சிப்பொருளாக அமர்த்தப்படும் பகுதி, இளிவு என்னும் சொல்லுக்கு நான் அறிந்த சிறந்த உரை. வீரன் என்று போற்றுவோரே கண்ணைச் சந்திக்க அஞ்சுகின்றனர். நான்கு நிலைக்களன்களும் இங்கு ஒன்றையொன்று பின்னி நிற்கின்றன. மருத்துவமனையின் வறுமையே இளிவைப் பெருக்குகிறது. இளிவே இழவை ஆறவிடாது தடுக்கிறது.

நூலின் நடையும் கருதத்தக்கது. ஆசிரியர் தம்மைச் சில இடங்களில் 'நான்' என்றும், சில இடங்களில் 'அவன்' என்றும் குறிப்பிடுகிறார். எந்த இடத்தில் எது வரும் என்று வாசகர் முன்னறிய இயலாது. இதனை இலக்கணப் பிழையாகவோ புதுமை வேட்கையாகவோ கொள்ளுதல் ஆகாது. பிறர் தன்னைப் பார்க்கும் கண்களாலேயே தன்னைப் பார்க்கக் கட்டாயப்படுத்தப்பட்ட ஒருவனின் மொழி இது. உளவியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை ஒரு பெயர்ச்சொல்லின் மாற்றம் உணர்த்திவிடுகிறது. சினம் மீண்டும் மீண்டும் ஒரே சுருதியில் ஒலிப்பது இந்நூலின் குறைதான். பின்பகுதியில் வாசகர் களைப்படையவும் கூடும். ஆயினும் அச்சினம் தன்னிரக்கமாகத் தேங்கவில்லை. 1972இல் குடியரசுக் கட்சி மாநாட்டு மண்டபத்தினுள் சக்கர நாற்காலியில் சென்று போரை எதிர்த்து அவர் குரலெழுப்பியதில் அது வழி கண்டது.

கோவிக்கின் நூலில் சாவும் இல்லை, குணமடைதலும் இல்லை. காயமுற்ற நொடியில் தொடங்கும் நூல் இறுதியில் அப்போர்க்களத்திற்கே திரும்பிச் செல்கிறது. அது வெளிவந்தபோது அவருக்கு வயது 30. காயமுற்று எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. வில் டிரேனருக்கு அவனைப் படைத்தவர் அளித்த காலமோ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே.