இரட்டை நிறச் சாயம்

வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கம் தகடு வெட்டும் ஃபைபர் லேசர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கண்ணில் படுவது தீப்பொறி மட்டுமே. 1,070 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. வேலையில் கெட்டிக்காரன்தான். ஆனால் சாயக் கரைசலிலிருந்து கதிர் எடுக்கும் சாய லேசரில் ஊறிய ரசிகருக்கு அது நிறமில்லாத சேலை.

அந்த ரசிகர் கூட்டத்துக்கு ரோடமின் 6ஜி என்ற சாயம்தான் எல்லாம். எத்தனால் கரைசலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சு கலந்த சிவப்பு. பக்கவாட்டில் பார்த்தால் பச்சை பாய்ந்த மஞ்சள். காஞ்சிபுரத் தறியில் பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு இன்னொரு நிறமும் போட்டு நெய்த பட்டு, மடிப்பு திரும்பும்போது காட்டும் ஜாலம் இதுவேதான். விழுங்கிய ஒளித்துகள்களில் ஏறக்குறைய 95 சதவீதத்தை நிறம் மாற்றித் திருப்பித் தருகிறது. இவ்வளவு நாணயமான சாயம் அபூர்வம்.

ரோடமின் பி-யும் அழகுதானே என்பவர்கள் உண்டு. அதன் இரு பக்கமும் தொங்கும் டைஎத்தில் அமினோ கைகள் சுழன்று ஆற்றலை வெப்பமாக வீணடிக்கின்றன. சூடு ஏறினால் ஒளி மங்கும். 6ஜி-யின் கைகள் அப்படி ஆடுவதில்லை. போதாக்குறைக்கு, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டதே, அதற்குக் காரணமும் இந்த பி-தான். கூமரின் சாயத்தின் கட்சிக்காரர்களிடம் நீலம் இருக்கிறது, ஆயுள் இல்லை. அந்த நீலப் பச்சைப் பகுதிக்கு 1990-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வி.டி. ராமகிருஷ்ணன், பி. ராமமூர்த்தி குழுவினர் அக்ரிடின்டையோன் சாயங்களை உருவாக்கிக் காட்டினார்கள். நம் ஊரில் அதைப் பேசுபவர்கள் குறைவு.

சாயத்தை விட்டால், தாரை. 1970-இல் கோடாக் ஆய்வகத்தில் பீட்டர்சன், டுச்சியோ, ஸ்னேவ்லி மூவரும் 6ஜி-யை ஆர்கான் லேசரால் தூண்டி முதல் தொடர்கதிரை எடுத்தபோது, சாயம் கண்ணாடிகளுக்கு நடுவே ஓடியது. இரண்டு ஆண்டுகளில் ரங்கே, ரோசன்பர்க் இருவரும் அந்தக் கண்ணாடியையே தூக்கி எறிந்தார்கள். குறுகிய வாயிலிருந்து காற்றில் பீய்ச்சப்படும் சாயம் தட்டையான திரவத் தகடாக நிற்கும். சுவர் கிடையாது, கருகிப்போகக் கண்ணாடி கிடையாது. தண்ணீராக இருந்தால் சிதறும். எத்திலீன் கிளைக்கால் கெட்டி என்பதால் வழவழவென்று விழும். ஒரகடத்துக் கார்களின் ரேடியேட்டரில் கூலன்டாக ஊற்றப்படுவதும் இதே கிளைக்கால்தான். இந்த வேகமெல்லாம் அலங்காரத்துக்கு அல்ல. தூண்டப்பட்ட மூலக்கூறுகளில் சில டிரிப்ளெட் நிலையில் சிக்கி ஒளியைக் குடிக்கத் தொடங்கும். நொடிக்குப் பத்து மீட்டர் ஓடினால், பத்திருபது மைக்ரான் அகலமுள்ள குவியத்தை ஓரிரு மைக்ரோநொடிகளில் கடந்து, அவை ஓரம்போய்விடும்.

பிறகு திருகு. அலைநீளத்தை மாற்றும் மைக்ரோமீட்டரை மெல்லத் திருப்ப, மஞ்சள் ஆரஞ்சாகி ஆரஞ்சு சிவக்கும். வழியில் சோடியம் ஆவி அடைத்த குடுவை இருக்கட்டும். 589.0 நானோமீட்டரைத் தொட்ட கணத்தில் கதிரின் தடம் முழுக்கக் குபீரென்று மஞ்சளாய் எரியும். மயிரிழை தாண்டினால் அணைந்துவிடும். இதை நேரில் பார்த்தவரிடம் வேறு லேசரைப் புகழ்வது வீண்.

சாயம் மாற்றும் நாளில் விரலும் சட்டையும் கறைபடும், குழாய் ஒழுகும், பம்பு இரையும், உண்மைதான். 1982-இல் மோல்டன் டைட்டானியம்-சஃபையர் படிக லேசரைக் கொண்டுவந்ததும் பலரும் நிம்மதியாகக் கை கழுவினார்கள். இப்போது எண்ணைத் தட்டினால் அலைநீளம் வருகிறது. சுருதி சேர்க்கத் தெரியாமலே கச்சேரிக்கு உட்காரும் தலைமுறை.

ஆனால் அந்தப் படிகத்தின் எல்லை 650-க்கு மேல்தான் தொடங்குகிறது. 589-ஐ நேரடியாகக் கேட்டால் அதனிடம் இல்லை. தோலில் பிறவிச் சிவப்பு மச்சம் நீக்கும் மருத்துவர்கள் இன்றும் 595-க்காகச் சாய லேசரைத்தான் கையில் எடுக்கிறார்கள்.