முள்ளை நம்பலாம், கம்பியை நம்பலாமா?

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரிக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் போனால் ஒரகடம், வல்லம் வடகால். இரண்டு இடத்திலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள். முன்னது 2013இலும் பின்னது 2017இலும் உற்பத்தியைத் தொடங்கியவை. அங்கிருந்து வெளிவரும் எந்த வண்டிக்கும் யாரும் உட்கார்ந்து டைமிங் வைக்க வேண்டியதில்லை. கிராங்க் எங்கே நிற்கிறது என்று ஒரு சென்சார் பார்த்துச் சொல்லும்; பொறி எப்போது விழவேண்டும் என்பதை மின்னணுப் பெட்டி முடிவு செய்யும். ஆனால் இதே கம்பெனி 1950களின் நடுவில் சென்னையில் தொடங்கி 2010ஐ ஒட்டிய ஆண்டுகள்வரை செய்துகொடுத்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுகள் வாலாஜாபாத், உத்திரமேரூர்ப் பக்கம் இன்னும் ஓடுகின்றன. பாயிண்ட் (திறக்கும்போது பொறியை விழவைக்கும் சுவிட்ச்) வைத்த பழைய வண்டிகளின் டைமிங் இன்றும் மெக்கானிக்கின் கையில்தான் இருக்கிறது. அந்தக் கை செய்யும் வேலையில் எது சரி, எது கோளாறு என்பதைப் பிரித்துப் பார்க்கலாம்.

வேலை இப்படி நடக்கும். பிளக்கைக் கழற்றி, வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டுவார். டேப்பெட் மூடியைத் திறந்து புஷ்ராடு இரண்டையும் விரலால் திருகிப் பார்ப்பார். இரண்டும் தளர்வாகச் சுற்றினால் அது கம்ப்ரஷன் பக்கத்து உச்சி. பிளக் ஓட்டைக்குள் ஒரு ஸ்போக்ஸ் கம்பியை விட்டு பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தடவி அறிவார். உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால், அதாவது 1/32 அங்குலத்தில், பாயிண்ட் திறக்கத் தொடங்கவேண்டும். 350 சி.சி. புல்லட்டுக்குக் கம்பெனிக் கையேடு சொல்லும் அளவு அதுதான். பாயிண்ட் திறந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? சாவியைப் போட்டு, ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆம்ப் மீட்டரைப் பார்ப்பார். பாயிண்ட் மூடியிருக்கும்வரை காயில் மின்சாரம் இழுக்கும், முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்திருக்கும். திறந்த நொடியில் முள் நடுவுக்குத் திரும்பும்.

இந்த முள் வேலை அருமையான வேலை. தனியாக எந்தக் கருவியும் வேண்டாம், வண்டியிலேயே இருப்பதை வைத்துக்கொண்டு பொறி விழும் கணத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். சிகரெட் தாளைப் பாயிண்டுக்கு நடுவே வைத்து இழுத்துப் பார்க்கும் பழைய வழியில் இழுக்கும் கையின் பலம் கணக்கைக் கலைத்துவிடும். முள்ளில் அந்தத் தொல்லை இல்லை. புல்லட் வைத்திருந்த எல்லோருக்கும் இது பழகிய சங்கதியும்கூட. கிக்கரை மெல்ல அழுத்தி, முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, பிறகு ஒரே உதையில் கிளப்புவது தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். காலையில் வண்டி எடுப்பதற்கும் டைமிங் வைப்பதற்கும் அதே முள்தான் சாட்சி.

கோளாறு முள்ளில் இல்லை, கம்பியில். ஊஞ்சல் உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நிற்பதுபோலத் தோன்றுமே, பிஸ்டனும் அப்படித்தான். 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இந்த எஞ்சினில் கிராங்க் உச்சிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 3 டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் இறங்குவது 0.1 மி.மீ.க்கும் குறைவு. கம்பியைப் பிடித்த விரலுக்கு அது தெரியவே தெரியாது. உச்சியே இப்படி மங்கலாக இருந்தால், அதிலிருந்து 0.8 மி.மீ. எண்ணுவது எப்படித் துல்லியமாகும்? போதாக்குறைக்கு புல்லட்டின் பிளக் ஓட்டை சாய்வாக இருக்கிறது. சாய்ந்து இறங்கும் கம்பி பிஸ்டன் தலையில் வழுக்கும். கம்பி நகரும் தூரமும் பிஸ்டன் நகரும் தூரமும் ஒன்றல்ல. 0.8 மி.மீ. என்பது கிராங்கில் ஏறக்குறைய 10 டிகிரி. கை அரை மில்லிமீட்டர் தவறினால் அது ஒரு பக்கம் 6 டிகிரியாகும், மறுபக்கம் 12ஐத் தாண்டும். முள் எவ்வளவு துல்லியமாக நடுவுக்கு வந்தாலும், தவறான இடத்தில் வந்தால் என்ன பயன்?

இத்தனை தவறோடும் வண்டி ஓடுகிறதே என்று கேட்கலாம். ஓடும். இந்த எஞ்சினின் அழுத்த விகிதம் மிகக் குறைவு, அதனால் பொறுமை அதிகம். கம்பி முறை இத்தனை காலம் நின்றதற்குப் பாதிக் காரணம் மெக்கானிக்கின் திறமை, மீதிப் பாதி எஞ்சினின் சகிப்பு என்றுதான் நான் சொல்வேன்.

அந்தச் சகிப்புக்கும் எல்லை உண்டு. அதைத் தாண்டவைப்பது பெரும்பாலும் வண்டிக்காரரே. “அண்ணே, பீட் நல்லா வரணும்” என்று கேட்டால் மெக்கானிக் என்ன செய்வார்? டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவார், ஐட்லிங்கைக் குறைப்பார். தட்தட் என்று நிதானமாக, எண்ணிவிடலாம்போல ஒரு சத்தம் வரும். கேட்க இனிமைதான், ஆனால் நேரம் தவறிப் பற்றிய பெட்ரோல் சைலன்ஸர் பக்கமாக எரிந்துகொண்டே போகிறது. எக்ஸாஸ்ட் வால்வு சூடேறும், குழாய் நீலம் பாயும், மேட்டில் இழுவை இருக்காது, மைலேஜ் விழும். தண்ணீர் சுற்றும் எஞ்சினில் அந்தச் சூட்டை ரேடியேட்டர் கொஞ்சமாவது வாங்கிக்கொள்ளும். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு இருப்பது விசிறிமடிப்பும் எதிர்க்காற்றும் மட்டுமே; மே மாதத்து வெயிலில் டிராபிக்கில் நின்றால் அந்த எதிர்க்காற்றும் இல்லை. மறுபக்கம், டைமிங்கை அளவுமீறி முன்னுக்குக் கொண்டுபோனால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் பதம் பார்க்கப்படும். அந்த வலி உடனே தெரிவதால் அதை யாரும் விடுவதில்லை. பின்தள்ளிய டைமிங் செய்யும் சேதம் மாதக்கணக்கில் மெல்ல நடக்கிறது, அதுவும் இனிய சத்தத்தோடு. காதை வைத்து டைமிங் வைப்பதில் எனக்குள்ள முக்கியமான குறை இதுதான்: காது கேட்பது ஐட்லிங்கை, வண்டி வேலை செய்வதோ ஓட்டத்தில்.

சரி, கம்பிக்கும் காதுக்கும் பதிலாக எஞ்சினிலேயே டைமிங் குறி இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? காற்றில் குளிரும் கார்களில் உலகப்புகழ் பெற்ற ஃபோக்ஸ்வேகன் பீட்டிலைப் பார்ப்போம். 2003இல் மெக்சிகோவில் உற்பத்தி நிற்கும்வரை 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். கிராங்க் புல்லியின் விளிம்பில் சிறு பள்ளம் வெட்டியிருக்கும். அதைக் கிராங்க்கேஸின் இரண்டு பாதிகள் சேரும் கோட்டுக்கு நேரே நிறுத்தினால் போதும். கேட்பதற்கு எளிது. ஆனால் ஒரு புல்லியில் 7.5, 10 டிகிரிக்கு இரண்டு பள்ளம் இருக்கும். இன்னொன்றில் ஒரே பள்ளம், அது உச்சிக்கு 5 டிகிரி பின்னால். ஐம்பதாண்டில் எஞ்சினும் டிஸ்ட்ரிபியூட்டரும் புல்லியும் வேறு வேறு கார்களிலிருந்து வந்து சேர்ந்திருக்க, எந்தப் பள்ளம் எதைக் குறிக்கிறது என்று காரின் வருடத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆக, அடுத்தவர் வெட்டிய குறியையும் ஒருமுறை சரிபார்த்தே ஆகவேண்டும்.

அதற்கு உச்சியை நேரடியாகத் தேடாத வழி ஒன்று உண்டு. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் ஒரு போல்ட்டைப் பொருத்தி, பிளக் ஓட்டையில் முறுக்குவது. இதை எந்த லேத் பட்டறையிலும் செய்து தருவார்கள். பிஸ்டன் அந்தப் போல்ட்டில் மெல்ல முட்டும்வரை எஞ்சினை ஒரு பக்கம் சுற்றி ஒரு கோடு, மறுபக்கம் சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிநடு உச்சி. பிஸ்டன் வேகமாக நகரும் இடத்தில் முட்டுவதால் விரல் தவறுக்கு இடமில்லை. புல்லட்டில் இந்தக் கோடுகளை இட இடதுபக்கச் செயின்கேஸைத் திறக்கவேண்டும். ஆல்டர்னேட்டர் அதற்குள் எண்ணெயோடு இருக்கிறது. ஓடும் எஞ்சினில் ஸ்ட்ரோப் விளக்கு அடித்துப் பார்ப்பது இங்கே பழக்கமாகாததற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். குறி இருந்தாலும் மூடிக்குள் மறைந்துவிடும்.

என் வாதம், ஒருமுறையாவது அதைத் திறக்கவேண்டும் என்பது. உச்சியையும் 10 டிகிரியையும் ஆல்டர்னேட்டரின் ரோட்டரில் ஒருமுறை கோடிட்டுவிட்டால், அடுத்த முறை மூடியைத் திறந்து கோட்டை நேரே நிறுத்தி முள்ளைப் பார்த்தால் போதும், கம்பி வேண்டாம். நம் பட்டறைகளில் நடப்பது வேறு: ஒவ்வொரு முறையும் உச்சியைப் புதிதாகத் தேடுகிறார்கள், கண்டுபிடித்ததைக் குறித்து வைப்பதே இல்லை. வண்டி வேறு மெக்கானிக்கிடம் போனால் அவரும் கம்பியை எடுக்கிறார்.

குறியும் முள்ளும் சரியாக இருந்தாலும் இரண்டு இடத்தில் ஏமாறலாம். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் முதலில் சரிசெய்துவிட்டுத்தான் டைமிங்குக்கு வரவேண்டும். பின்னால் தொட்டால் டைமிங்கும் நகர்ந்துவிடும். பாயிண்டின் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும், பொறி தானாகவே பின்தங்கும். இரண்டாவது, வேகம் ஏறும்போது பொறியை முன்னுக்கு இழுக்கும் அட்வான்ஸ் எடைகள். நின்ற எஞ்சினில் வைக்கும் டைமிங் அவற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. கேமைக் கையால் திருகி விட்டுப் பார்த்தால் ஸ்பிரிங் அதைச் சட்டென்று பழைய இடத்துக்கு இழுக்கவேண்டும். இழுக்காமல் சோம்பினால் டைமிங்கைத் தொடாமல் முதலில் ஸ்பிரிங்கை மாற்றவேண்டும்.