இரண்டு ஓடு, ஒரு சுவர்

நாட்டு ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் பழைய தெருவில் நடுவீடு ஒன்று சீமை ஓட்டுக்கு மாறுகிறது. மரத்துக்கு, ஓட்டுக்கு, கூலிக்கு எல்லாம் கணக்குப் போடுகிறார்கள். பொதுச்சுவரின் தலையில் இருக்கும் ஒரு முழ அகலம் மட்டும் கணக்கில் வருவதில்லை. மழைக்காலத்தில் முதலில் ஒழுகுவது பெரும்பாலும் அந்த இடம்தான்.

இந்த வீடுகளின் கூரை வாசல் பக்கமும் கொல்லைப் பக்கமும் சரியும். ஆகவே இரு ஓடும் சந்திக்கும் கோடு முகட்டிலிருந்து இறவாணம் வரை நேராக இறங்குகிறது. இதையும் கூடுவாய் என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு, அது சரியல்ல. கூடுவாயில் இரண்டு சரிவின் நீரும் ஒன்றையொன்று நோக்கிப் பாயும். இங்கே இரண்டும் அருகருகே இறங்குகின்றன; குறுக்கே வருவது காற்று தள்ளும் சாரலும் ஓட்டோரத்தில் வழிவதும் மட்டுமே. அடைக்க வேண்டிய பிரச்சினை அல்ல இது, வழிவிட வேண்டியது.

சிக்கல் ஓட்டிலேயே இருக்கிறது. நாட்டு ஓடு மல்லாந்தும் கவிழ்ந்தும் பல அடுக்காகக் கிடக்கும். பூட்டு எதுவும் இல்லை, சொந்தக் கனத்தில் நிற்கிறது. குரங்கும் பூனையும் கலைத்ததை மழைக்கு முன் திருப்பி அடுக்க வேண்டும். 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய சீமை ஓடோ ஒற்றை அடுக்கு. ஓர் ஓட்டின் ஓரப் பள்ளத்தில் அடுத்ததன் மேடு உட்காரும். சுவரோரத்துக் கடைசி ஓட்டை அளவுக்கு வெட்டினால் அந்தப் பள்ளமே போய்விடுகிறது. சீமை ஓட்டுக்காகச் சரிவைக் கூட்டினாலோ, இறவாணத்தில் சமமாக இருக்கும் கூரைகள் முகட்டில் ஒரு சாண் விலகி நிற்கும்.

வழக்கமான தீர்வு சிமெண்டுக் கலவை. மலிவு, அரை நாள் வேலை, முதல் மழைக்குத் தாங்கவும் செய்யும். ஆனால் கீழே இருப்பது மரம். வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசைகிறது. கலவை அசையாது, விரிசல் விடும். அந்த விரிசல் உறிஞ்சும் நீர் சுவருக்குள் இறங்கிக் கைமரத்தின் நுனியை உளுக்க வைக்கிறது. அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு: பக்கத்து வீட்டுக்காரர் தன் ஓரத்து ஓட்டைத் திருப்ப முடியாதபடி நம் கலவை அதைப் பிடித்துக்கொள்கிறது. அவருடைய பராமரிப்பையே நிறுத்திவிடும் வேலையை இணைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுவரைக் கூரைக்கு மேல் ஓரடி எழுப்பிப் பிரிப்பது அடுத்த வழி. பார்க்கச் சுத்தம். ஆனால் ஓர் இணைப்பு இருந்த இடத்தில் சுவரின் இருபுறமும் இரண்டு இணைப்பு வந்துவிடும். மண் சாந்துச் சுவருக்குப் பாரமும் கூடும். பொதுச்சுவரை ஒருவர் மட்டும் முடிவுசெய்து உயர்த்துவது வழக்குக்கு வழி. எழுத்தில் சம்மதம் வேண்டும். கூரைகள் ஒரு சாணுக்கு மேல் ஏற்றத்தாழ்வாக நின்றால் இதைத் தவிர வேறு வழியில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மற்ற இடங்களில் என் தேர்வு தகடுதான். ஓரடிக்குக் குறையாத அகலம், நடுவில் மேடு, இரு விளிம்பிலும் உள்மடிப்பு. இரு வீட்டு ஓட்டுக்கும் அடியில் போகட்டும். நடுவே மூன்று விரல் இடைவெளி. கீழ்நுனி சுவர்த்தலையில் முடியாமல் இறவாணத்தைத் தாண்ட வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். குறைகள் உண்டு: வேப்பிலை அடைக்கும், கடலோரத்தில் துரு சீக்கிரம் தின்னும். அலுமினியம் போட்டால் ஈரச் சுண்ணாம்பு படாமல் பார்க்க வேண்டும். ஆனாலும் அடைப்பைக் கையால் எடுக்கலாம், துருப்பிடித்ததை உருவி மாற்றலாம். எந்த வீட்டு ஓட்டையும் மற்ற வீட்டைத் தொடாமல் பிரிக்கலாம். சிமெண்டிடம் இந்த மூன்றும் கிடையாது.

தகடு செருகும் நாளில் பக்கத்து வீட்டின் ஓரத்து ஓடு இரண்டு வரிசை எடுத்தாக வேண்டும். அவருடைய ஓட்டுக்காரரே எடுத்து வைக்கட்டும், கூலி நம்முடையது. சில ஓடு உடையத்தான் செய்யும். மாற்று ஓட்டுக்கு அலைய வேண்டியதில்லை, நம் கூரையிலிருந்து இறக்கிய நாட்டு ஓடு கொல்லையில் குவிந்துதானே கிடக்கிறது.