சுவிட்ச் வரைக்கும் நிஜம்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் இந்திய விமானப்படை மிக்-21க்கு விடை கொடுத்தது. 1963இல் வந்து சேர்ந்த விமானம் அது. வானத்தில் ஓய்ந்தாலும் கணினியில் இன்னும் பறக்கிறது. 'டிசிஎஸ் வேர்ல்டு' என்ற விமானப் போர் விளையாட்டில் 2014 முதல் மிக்-21பிஸ் கிடைக்கிறது. நம் படைப்பிரிவுகளின் வண்ணத்தைப் பூசி அதை ஓட்டும் இளைஞர்கள் எங்கள் நகரியிலும் உண்டு. கடற்படையின் பி-8ஐ விமானங்கள் நிற்கும் ராஜாளி தளம் பக்கத்து அரக்கோணத்தில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விமானப் பித்து பிடிப்பதில் வியப்பில்லை.

இதை வெறும் கேம் என்று ஒதுக்க நான் தயாரில்லை. பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் மிக்-21ஐக் கிளப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பேட்டரி, ஜெனரேட்டர், எரிபொருள் பம்புகள் என்று ரஷ்ய எழுத்துகளுக்கு நடுவே ஒவ்வொரு சுவிட்சாகத் தேடித் தட்டுகிறான். ஓடுபாதைக்குத் திருப்புவது அதைவிடச் சிரமம். இந்த விமானத்தின் முன்சக்கரத்தைப் பைலட் நேரடியாகத் திருப்ப முடியாது. காற்றழுத்த பிரேக்கின் பிடி ஸ்டிக்கில் இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டு ஒரு பெடலை மிதித்தால் அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கும், விமானம் அந்தப் பக்கம் திரும்பும். "காத்து தீர்ந்துட்டா பிரேக்கும் கிடையாது மாமா, திருப்பவும் முடியாது" என்றான். தரையிறங்கும்போது வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். சின்ன டெல்டா இறக்கை, வேகம் குறைந்தால் மளமளவென்று கீழே போய்விடும். இந்த விமானத்தைப் 'பறக்கும் சவப்பெட்டி' என்று பத்திரிகைகள் பல காலம் எழுதின. இளம் பைலட்டுகளுக்கு அது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அந்தச் செய்திகளைவிட இந்த விளையாட்டு தெளிவாகச் சொல்லிக்கொடுக்கிறது. நுணுக்கத்தின் பெரிய பலம் இதுதான்.

ஆனால் வெளியே பூசியது இந்திய வண்ணம் என்றாலும் உள்ளே இருப்பது சோவியத் காலத்து பிஸ். நம்மிடம் கடைசிவரை இருந்த, மேம்படுத்திய மிக்-21 பைசனின் கோப்யோ ரேடார், ஆர்-77 ஏவுகணை, ஹெல்மெட்டோடு இணைந்த குறிபார்க்கும் கருவி எதுவும் அதில் கிடையாது. தஞ்சாவூரில் நிற்கும் சுகோய்-30எம்கேஐக்கும் சூலூரில் நிற்கும் தேஜஸுக்கும் இதே தரத்தில் சுவிட்ச் சுவிட்சாக இயங்கும் மாதிரி விற்பனைக்கு இல்லை. கையேடு கிடைக்கிற விமானம்தான் நுணுக்கமாக உருவாகிறது, ரகசியம் காக்கப்படுவது உருவாவதில்லை. கையேடுகளுக்கான பசி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் சாட்சி உண்டு. டிசிஎஸ்ஸைத் தயாரிக்கும் ஈகிள் டைனமிக்ஸில் வேலை பார்த்த ரஷ்யர் ஒருவர், எஃப்-16 கையேடுகளை வாங்கிய வழக்கில் ஜார்ஜியாவில் பிடிபட்டு, 2019இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார்.

என் பெரிய மனக்குறை வேறு. 2019 பிப்ரவரி 27 காலையை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பணமூர்க் குடும்பத்தைச் சேர்ந்த அபிநந்தன் வர்த்தமான் பைசனில் எல்லை தாண்டிப் போய்ப் பாகிஸ்தானிடம் பிடிபட்டார். திரும்பி வரச்சொன்ன கட்டளை, ரேடியோ முடக்கப்பட்டதால் அவருக்குக் கேட்கவில்லை என்று பின்னர் செய்திகள் வந்தன. அதே காலையில் காஷ்மீரின் பட்காமில் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேரும், தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். அது எங்கள் தவறு என்று விமானப்படைத் தளபதி பதௌரியா அக்டோபரில் ஒப்புக்கொண்டார். அந்தக் காலையைத் தீர்மானித்தவை கேட்காத ரேடியோவும், யார் நம்மவர் என்று தெரியாத திகைப்பும். ஆணி ஆணியாக விமானத்தை வரைபவர்கள் இந்தக் குழப்பத்தை வரைய அந்த அளவுக்கு மெனக்கெடுவதில்லை. நம்மவர், எதிரி என்று நிறம் பிரித்துப் பெயர் காட்டும் வசதியை மட்டும் மறக்காமல் வைக்கிறார்கள்.

அதே ஆண்டு ஜூலை 31 அன்று விமானப்படை தானே 'இந்தியன் ஏர் ஃபோர்ஸ்: எ கட் எபவ்' என்ற மொபைல் விளையாட்டை வெளியிட்டது. அபிநந்தன் மீசை வைத்த பைலட் அதில் வருகிறார். இளைஞர்களைப் படைக்கு ஈர்க்க வந்த விளையாட்டு, கட்டுப்பாடுகளை எளிதாக்கியதில் தப்பில்லை. கையில் பிடிக்கிற போனில் ஐம்பது சுவிட்சை வைக்க முடியாது. ஆனால் மீசையை எடுத்துக்கொண்டவர்கள், அந்த மனிதர் சிக்கிய குழப்பத்தை விட்டுவிட்டார்கள். அது எனக்கு உறுத்துகிறது. படையில் சேர நினைக்கும் பிள்ளைக்குத்தான் அது முதலில் தெரிய வேண்டும்.

இப்படிச் செய்ய முடியாது என்பதல்ல. 1998இல் வந்த 'ஃபால்கன் 4.0' எஃப்-16ஐ அக்கறையோடு வடித்தது, கூடவே கொரியாவில் ஒரு முழுப் போரையும் ஓடவிட்டது. நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் தரைப்படை நகரும், பாலம் உடையும், நேற்று குண்டு விழுந்த தளம் இன்று முடங்கிக் கிடக்கும். ஆடுகிறவர் அந்தப் போரில் ஒரு சின்னப் பங்குதாரர், அவ்வளவே. அதை ரசிகர்கள் இன்றுவரை புதுப்பித்து வைத்திருப்பதற்கு அந்தப் போர்தான் முக்கியக் காரணம் என்பேன். பின்னால் வந்தவர்கள் காக்பிட்டில் அதைத் தாண்டிப் போனார்கள், போரின் போக்கைக் காட்டுவதில் தாண்டவில்லை.

எனக்கு வேண்டியது பட்காம் போன்ற ஒரு காலை. ரேடாரில் தாழப் பறந்து வரும் ஒரு புள்ளி, அடையாளம் காட்டும் கருவியிலிருந்து பதில் இல்லை, மேலே சண்டை நடக்கிறது, முடிவெடுக்கச் சில நிமிடங்கள். ஆடுகிறவர் அங்கே ஏவுகணைப் பொத்தானுக்கு முன்னால் உட்கார வேண்டும். அதை உருவாக்க எந்த ரகசியக் கையேட்டையும் யாரும் கடத்த வேண்டாம். தேவையானது அத்தனையும் 2019இன் செய்தித்தாள்களிலேயே வந்துவிட்டது.