வழி சொல்பவரும் வழிகாட்டிக் கருவியும்

"முந்நூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்கிறது காரில் உள்ள கருவி. ஓடும் வண்டியில் இருப்பவர் முந்நூறு மீட்டரை எப்படி அளப்பார்? நம் ஊரில் வழி கேட்டால் யாரும் மீட்டர் சொல்வதில்லை. "நேரா போங்க, பெட்ரோல் பங்க் வரும், அதைத் தாண்டினதும் லெஃப்ட்ல சந்து. ரயில்வே கேட் வந்துட்டா தாண்டி வந்துட்டீங்க" என்பார்கள். 2009 டிசம்பரில் கூகுள் மேப்ஸ் இந்திய வழிக்குறிப்புகளில் இத்தகைய அடையாளங்களைச் சேர்த்தது. தெருப்பலகையை நம்ப முடியாத ஊர்களுக்கு அது சரியான முடிவு.

யோசனை அதற்கும் முந்தியது. 1989இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் டேவிஸ் உருவாக்கிய 'பேக் சீட் டிரைவர்', பாஸ்டன் பகுதியின் கோணல்மாணலான தெருக்களில் பேசி வழிகாட்டியது. அடுத்த சிக்னலில் திரும்பச் சொல்லும். இடப்புறம் இரண்டு தெருக்கள் பிரிந்தால், கூர்மையாகத் திரும்புவதைப் பிடிக்கச் சொல்லும். கண் சாலையிலேயே இருக்கும், திரையைத் தேட வேண்டாம். இந்த முறையின் பெரிய பலம் அதுதான்.

ஆனால் எந்த அடையாளம்? சென்னையில் 1973இல் திறந்த அண்ணா மேம்பாலத்தை இன்றும் ஜெமினி என்கிறோம். பெயருக்குக் காரணமான ஜெமினி ஸ்டுடியோ இப்போது அங்கே இல்லை. உள்ளூர்க்காரருக்குப் போதுமான அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வெளியூர்க்காரர் எதைத் தேடுவார்? பேக்கரி இடம் மாறும், பலகை மரத்துக்குப் பின்னால் மறையும், இரவில் விளக்கு எரியாது. ஒரே சாலையில் ஒரே கடைக்கு இரண்டு கிளைகள் இருந்தால் முதல் கிளையிலேயே திரும்பிவிடுவார். சிக்னல் இருக்கும் இடத்தில் அதைவிட நல்ல அடையாளம் இல்லை: திருப்பத்திலேயே நிற்கிறது, இரவிலும் தெரிகிறது.

இன்னொரு கவலை பணம். வரைபடத்தில் காசு கொடுத்துத் தன் கடையை எடுத்துக்காட்டும் வசதி ஏற்கெனவே உண்டு. திருப்பத்தைச் சொல்லும் அடையாளமும் விலைக்குப் போனால், ஓட்டுபவர் கண் ஒரு சின்னப் பலகையைத் தேடி அலையும். அதை அனுமதிக்கவே கூடாது.

அடையாளத்தின் பெயரை எடுத்துக்கொண்ட அளவுக்கு, வழி சொல்பவரின் மற்றப் பழக்கங்களைக் கருவிகள் எடுத்துக்கொள்ளவில்லை. "பாலத்துல ஏறாதீங்க, கீழேயே போங்க" என்பது எந்த ஆட்டோக்காரரும் முதலில் சொல்வது. மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று ஜி.பி.எஸ். உறுதியாகப் பிரிப்பதில்லை என்பதால், பாலம் வருவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். கூகுள் இந்தியாவில் 2024இல்தான் மேம்பாலங்களைக் குறிப்பிட்டுச் சொல்லத் தொடங்கியது. அந்தத் தாமதத்துக்குத் தொழில்நுட்பத்தைக் குறைசொல்ல முடியாது. எங்கே பாலம் இருக்கிறது என்பது வரைபடத்தில் முன்பே இருந்தது. "ரயில்வே கேட் வந்துட்டா தாண்டி வந்துட்டீங்க" என்ற எச்சரிக்கைக்கும் அதே வரைபடம் போதும். தவறிய பிறகு புதுப் பாதை போடுவதோடு, தவறினால் கண்ணில் எது படும் என்பதையும் முன்கூட்டியே சொல்லும்படி வடிவமைப்பதுதான் அடுத்து செய்ய வேண்டிய வேலை.